கமலைப் பாட்டும் கப்பல் பாட்டும்

2025 ஜனவரி 30ஆம் தேதி, தென் பசிபிக்கில் நீமோ முனை என்கிற இடத்தை ஒரு பாய்மரப் படகு கடந்து போனது. அந்த முனையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் முதல் நிலத்துண்டைத் தொடக் குறைந்தது 2,688 கிலோமீட்டர் போக வேண்டும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையம் தலைக்கு மேலே வரும் வேளையில், அதற்குள் இருப்பவர்கள்தான் அந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் மனிதர்கள். படகின் பெயர் தாரிணி. நீளம் 56 அடி. இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் இருவர் மட்டுமே அதில் இருந்தார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவில் பாய் விரித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2025 மே 29ஆம் தேதி கோவாவுக்கே திரும்பினார்கள். எட்டு மாதம். 25,000 கடல் மைலுக்கு மேல்.

இந்தச் செய்தியைச் சித்தையன்கோட்டையில் யாரிடம் சொன்னாலும் அலையைப் பற்றியும் புயலைப் பற்றியும் கேட்பதற்கு முன்னால், அத்தனை நாள் பொழுது எப்படிப் போயிருக்கும் என்றுதான் கேட்கிறார்கள். கீழ்ப் பழனி மலையின் அடிவாரத்தில், செம்பட்டி, ஆத்தூர் பக்கம் இருக்கும் ஊர் எங்களுடையது. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் குடகனாற்றின் குறுக்கே நிற்கும் காமராசர் அணைதான். கடலைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இருந்தாலும் இந்தக் கேள்வி சரியான கேள்வி. புயல் என்றைக்கோ ஒரு நாள் வரும்; பொழுது தினமும் வரும். பாய்மரத்தில் நெடுந்தூரம் போகிறவர்கள் தினமும் எதிர்கொள்வது அதைத்தான்.

பாய்மரத்தில் வாழ்ந்த தமிழர்கள் புதியவர்கள் அல்லர். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போய் வந்தவை. 1980களை ஒட்டி மெல்ல மெல்ல இயந்திரம் ஏறும்வரை பாயை மட்டுமே நம்பி ஓடியவை பல. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை வெறும் காற்றில் வணிகம் நடத்திய கப்பல்கள் உலகில் மிச்சமிருந்த சில துறைகளில் தூத்துக்குடியும் ஒன்று. அந்த உலகத்தை அறிய விரும்புகிறவர்கள் ஜோ டி குருஸ் எழுதிய ‘கொற்கை’ நாவலைப் படிக்க வேண்டும். 2009இல் வந்த அந்த நூலுக்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோணி முதலாளிகள், தோணித் தலைவர்களான தண்டல்கள், கடலோடிகள் என்று ஒரு துறைமுகத்தின் நூறாண்டு அதற்குள் இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகம் தரும் காற்று கிடைத்தால் ஒன்றே கால் நாள் போதும். காற்று விழுந்துவிட்டால் கணக்கெல்லாம் மாறிவிடும். பாய் தொய்ந்து கிடக்க, நீரோட்டம் தோணியைத் தன் போக்கில் நகர்த்த, கடலும் வானமும் ஒரே நிறமாகி நாட்கள் நகரும். அப்போது செய்வதற்கு எதுவும் இல்லை. கையில் தூண்டில் இருக்கும். கிழிந்த பாயைத் தைக்கலாம், கயிற்றைப் பிரித்துப் பின்னலாம். மணல் பரப்பிய பெட்டியில் விறகு வைத்து எரிக்கும் அடுப்பில் சோறும் மீன் குழம்பும் வேகும். மாலையில் ஒருவர் கதை எடுப்பார். தோணியில் நூலகம் இல்லை, விளக்கும் பெரிதாக இல்லை. தலைக்கு மேல் அறுமீன் கூட்டமும் ஏழு மீனும் விடிவெள்ளியும் நேரம் பார்த்து வந்து போகும். அவற்றைக் காட்டித்தான் புதிதாக ஏறிய பையனுக்குத் திசை சொல்லித் தருவார்கள். படிப்பும் பொழுதுபோக்கும் அங்கே தனித்தனியாக இருக்க வழியில்லை.

பாட்டும் இருந்தது. ஆனால் அது மாலை நேரத்துப் பாட்டு மட்டுமில்லை என்பது முக்கியம். பாய் தொங்கும் குறுக்குமரத்தைப் பருமல் என்பார்கள். நனைந்த பருத்திப் பாயோடு அந்தப் பருமலை மேலே ஏற்ற எட்டுப் பத்துப் பேர் ஒரே கணத்தில் இழுத்தாக வேண்டும். ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் கயிறு கையை அறுக்குமே தவிர மரம் ஏறாது. பத்து உடம்பை ஓர் உடம்பாக்குவதற்காக வந்ததுதான் ஏலேலோவும் ஐலசாவும். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பதில் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லில்தான் இழுப்பு விழும். யாழ்ப்பாணத்துக் கரையிலும் மட்டக்களப்புக் கரையிலும் வலை இழுக்கும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். எடுத்துக் கொடுப்பவர் நல்ல வாய்க்காரராக இருந்தால் பாட்டில் முருகனும் மாதாவும் வருவார்கள். கரையில் காத்திருக்கும் பெண் வருவாள். கஞ்சத்தனமான முதலாளியும் வருவார். வேலை முடிந்த பிறகும் அந்தப் பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டு இருக்கும். இரவில் பாடியதும் பெரும்பாலும் அதுதான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கிணற்றடிக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. திண்டுக்கல் சமவெளியில் மின்மோட்டார் வருவதற்கு முன்னால் தண்ணீர் இறைத்தது கமலை. மாடுகள் சரிவில் இறங்க, வடத்தின் மேல் ஆள் உட்கார, கிணற்றுக்குள்ளிருந்து சால் ஏறி வந்து வாய்க்காலில் கொட்டும். மாடு பின்னால் நடந்து ஏறும், மறுபடியும் இறங்கும். விடியலுக்கு முன்பே தொடங்கும் இந்த வேலையில் பாட்டு இல்லாமல் மாடும் நகராது, மனிதனும் நகரமாட்டான். எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையையே பாட்டுக்குள் வைத்துப் பாடினார்கள். ஏற்றம் இறைத்த ஊர்களில் ஏற்றப்பாட்டு அதே வேலையைச் செய்தது. வயலில் நடவு நட்ட பெண்களுக்கு நடவுப் பாட்டு. மோட்டார் வந்தது, ஒரு சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வந்தது. கமலையை யாரும் தடை செய்யவில்லை, பாட்டை யாரும் வெறுக்கவில்லை. பாட்டுக்கு இருந்த வேலை போனது, அதோடு பாட்டும் போனது.

கப்பலில் நடந்ததும் இதுவேதான். இன்றைய பாய்மரப் படகில் கயிறு இழுக்க வின்ச் என்கிற பல்சக்கரம் பூட்டிய உருளை இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் ஒரே ஆளின் கைக்குப் பத்து ஆளின் பலம் வந்துவிடும். பாய் செயற்கை இழையால் ஆனது, நனைந்தாலும் கனக்காது. முன்பாயை ஒரு கயிற்றை இழுத்தே சுருட்டிவிடலாம். ஆகவேதான் 56 அடிப் படகை இரண்டு பெண்கள் உலகம் சுற்றி ஓட்டிவர முடிந்தது. இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அன்றைய தோணியின் தளத்தில் பெண்ணுக்கு இடமே இல்லை. பாட்டில்தான் அவள் இருந்தாள், தளத்தில் அல்ல. இன்று சுக்கான் பிடித்து நிற்பவள் அவள். ஆனால் அதே வின்ச்தான் ஐலசாவையும் கடலிலிருந்து எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழைய கடலோட்டத்தின் உச்சம் என்று நான் நினைப்பது அன்னபூரணியின் பயணம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட 89 அடி நீளக் கப்பல் அது. அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றிவந்தவர், அந்தக் கப்பலைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரை வைத்து ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் தண்டல் தம்பிப்பிள்ளையின் கீழ் அதில் ஏறினார்கள். 1937இல் கிளம்பிய கப்பல் செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. வேட்டி கட்டிய தமிழர்கள் அட்லாண்டிக்கைப் பாய்மரத்தில் தாண்டிப் போய் இறங்கிய கரை அது. வல்வெட்டித்துறையில் அந்தப் பெயரை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

குளோஸ்டர், வடஅட்லாண்டிக் மீன்பிடிக் கப்பல்களின் ஊர். அந்தக் கடலின் பழைய பாய்க்கப்பல்களிலும் பாய் ஏற்றும்போது பாடித்தான் இழுத்தார்கள். மொழி வேறு, கடவுள் வேறு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பதில் சொல்லும் அமைப்பு மட்டும் அப்படியே ஒன்று. வேலை ஒன்றாக இருந்த இடத்தில் பாட்டின் எலும்பும் ஒன்றாக இருந்திருக்கிறது.

வல்வெட்டித்துறையைச் சொன்னால் அதன் பட்டத்தையும் சொல்ல வேண்டும். தைப்பொங்கல் நாளில் அந்த ஊர்க் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டி இன்று இலங்கை முழுவதும் பெயர் பெற்றது. ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்களைக் காற்றில் ஏற்றுகிறார்கள். காற்றையும் கயிற்றையும் தலைமுறை தலைமுறையாக வாசித்த கைகளுக்கு இந்த விளையாட்டு இயல்பாக வந்திருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பட்டினப்பாலையில் கூட, கடலுக்குப் போகாத நாளில் பரதவர் சுறாக்கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு, ஆடிக் களிக்கும் காட்சி இருக்கிறது. கடலோடியின் பெரிய கொண்டாட்டம் எப்போதும் கரையில்தான் நடந்தது. கடலில் சின்னச் சின்ன விஷயங்களைக் கொண்டுதான் பொழுதைக் கட்டினார்கள்.

அந்தப் பொழுதில் முதல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர். 1960களில் அது சாமானியர் கைக்கு வந்தது. மன்னார் வளைகுடாவில் எந்தப் பக்கம் போனாலும் கொழும்பு வானொலி தெளிவாகக் கேட்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அதன் அறிவிப்பாளர்களின் குரல்களைச் சித்தையன்கோட்டை டீக்கடையில் கேட்டவர்களும் உண்டு, கடலில் கேட்டவர்களும் உண்டு. அலை ஒன்றேதான். கேட்கும் முறையும் அப்போது பெரிதாக மாறவில்லை. ஒரு பெட்டி, அதைச் சுற்றிப் பத்துப் பேர். பாட்டு வெளியிலிருந்து வந்தது, ஆனால் சேர்ந்து கேட்டார்கள். அடுத்த பாட்டு எந்தப் படம் என்று பந்தயம் கட்டினார்கள். பாடுவது குறைந்து கேட்பது கூடிய காலம் அது என்றாலும், தளத்தில் இருந்தவர்களின் காது ஒரே இடத்தில் இருந்தது. எங்கள் ஊரில் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்த கூட்டத்துக்கும் இது பொருந்தும். தனித்தனியாக ரசிப்பது பிறகுதான் வந்தது.

பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காகவே பாய்மரத்தில் வாழ்வது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1895இல் கிளம்பி 1898இல் உலகைத் தனியாகச் சுற்றி முடித்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். பேச ஆளில்லாமல் தன் குரலே மறந்துவிடுமோ என்று பயந்து, இல்லாத மாலுமிக்குக் கட்டளை கொடுத்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுப் பாடத் தொடங்கினார். அதைத் தம் நூலில் சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

1968இல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்ற வேண்டும் என்பது போட்டி. ஒன்பது பேர் கிளம்பி, முடித்தவர் ஒரே ஒருவர்: ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன், 312 நாட்களில். அவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட படகு. பாதி வழியில் அவருடைய வானொலி பழுதானது. நியூசிலாந்தைக் கடந்தபின் சுமார் நான்கரை மாதம் அவரைப் பற்றி உலகத்துக்குச் செய்தியே இல்லை. கொண்டுபோன புத்தகங்களைப் படித்தார். காற்று குறைந்த நாட்களில் படகுக்கு முன்னால் கடலில் குதித்து நீந்தினார், படகு தம்மைக் கடந்து போகும்போது கயிற்றைப் பிடித்து ஏறினார். அதே போட்டியில் இருந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தேசியே தளத்தில் யோகாசனம் செய்தார். வழியில் கப்பல் தென்பட்டால் செய்தியை உண்டிவில்லில் வைத்து அதன் தளத்துக்கு அடித்து அனுப்புவார். வெற்றி பெறும் வாய்ப்பு இருந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. போட்டியை விட்டு, மறுபடியும் பாதி உலகம் ஓடித் தாகித்தித் தீவில் போய் இறங்கினார். கடலில் சந்தோஷமாக இருக்கிறேன் என்று உண்டிவில் வழியே சொல்லிவிட்டுத்தான் போனார். பொழுது போகாத மனிதன் அப்படி முடிவெடுக்கமாட்டான்.

ஐம்பது ஆண்டு கழித்து 2018இல் அந்தப் போட்டியை மறுபடி நடத்தியபோது, 1968இல் இருந்த கருவிகள் மட்டும்தான் படகில் இருக்கலாம் என்று விதி வைத்தார்கள். ஜி.பி.எஸ். கிடையாது, சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து வழி காண வேண்டும். கேமராவில் ஃபிலிம் சுருள்தான். பாட்டு கேட்க வேண்டுமா, கேசட்டில் கேட்டுக்கொள்ளலாம். கேரளத்தில் வேர்கொண்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 2012-13இல் ‘மாதேயி’ படகில் 151 நாளில் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர், இந்தப் போட்டியில் இறங்கினார். சுஹைலியைப் போலவே செய்த ‘துரியா’ அவருடைய படகு. 2018 செப்டம்பர் 21ஆம் தேதி தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அதன் பாய்மரங்களை முறித்தது. முதுகெலும்பு நொறுங்கி, அசைய முடியாமல் படுக்கையில் கிடந்தவரை மூன்றாம் நாள் பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ‘ஒசிரிஸ்’ மீட்டது. 2022இல் அதே போட்டியில் மறுபடியும் கிளம்பி, 236 நாள் ஓடி, 2023 ஏப்ரல் 29ஆம் தேதி இரண்டாமவராக வந்து சேர்ந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர்.

தாரிணியின் இருவரையும் பயிற்றுவித்தவர் இந்த அபிலாஷ் டோமிதான். கேசட்டோடு ஓடியவரும் செயற்கைக்கோள் தொடர்போடு ஓடியவர்களும் அப்படி ஒரே வரிசையில் வருகிறார்கள். தில்னா, ரூபா இருவருக்கும் முன்னால், 2017 செப்டம்பரிலிருந்து 2018 மே வரை வர்த்திகா ஜோஷியின் தலைமையில் ஆறு பெண்கள் இதே தாரிணியில் 254 நாளில் உலகைச் சுற்றி வந்தார்கள். ஆறு பேர் இருக்கும் படகுக்கும் இருவர் இருக்கும் படகுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆறு பேர் இருந்தால் காவல் முறை போக மிச்ச நேரத்தில் நான்கு பேராவது ஒன்றாக உட்காரலாம். இருவர் என்றால் ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் இப்படி மாற்றி மாற்றி. ஒரே படகில் எட்டு மாதம் வாழ்ந்தும், இருவரும் சாவகாசமாக முகம் பார்த்து உட்காரும் நேரம் காவல் மாறும் பொழுதும் சாப்பாட்டுப் பொழுதும்தான். அந்த அரை மணி நேரப் பேச்சின் அருமையைக் கரையில் இருக்கும் நாம் எளிதில் உணர மாட்டோம்.

இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகின்றன. அவர்களுடைய பொழுதை ஆள்வது மின்கலம். நடுத்தரப் படகு ஒன்றில், சுக்கானைத் தானாகப் பிடிக்கும் கருவி ஏறத்தாழ 50 வாட் இழுக்கும். ஒரு மடிக்கணினியும் அதே அளவுதான். இரண்டரை மணி நேரப் படம் பார்த்தால் இரண்டரை மணி நேரம் படகை ஓட்டும் மின்சாரம் போய்விட்டது என்று கணக்கு. வெயில் காயும் வெப்ப மண்டலத்தில் சூரியத் தகடு அதை ஈடு செய்துவிடும். நாள் கணக்கில் மேகம் மூடும் தென்கடலில் படமா பாதையா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரவில் படிப்பதற்கும் ஒரு விலை உண்டு. வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்; அதற்குள் எதிரே வரும் சரக்குக் கப்பலின் விளக்கு கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் காவல் இருப்பவர்கள் மங்கிய சிவப்பு விளக்கை வைத்துக்கொள்கிறார்கள். ஒலிப்புத்தகம் வந்தபின் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. கண்ணைக் கடலில் வைத்துக்கொண்டு காதால் நாவல் கேட்கலாம். வேலையும் ரசிப்பும் ஒன்றாக நடந்த பழைய நிலைக்கு இது ஒன்றுதான் கிட்டத்தட்ட வந்திருக்கிறது என்பேன்.

தொடர்பு வேகமும் தலைகீழாக மாறிவிட்டது. இரிடியம் செயற்கைக்கோள் போனில் ஒரு நொடிக்கு 2,400 பிட் தான் போகும். 2 எம்.பி. அளவுள்ள ஒரு படத்தை அனுப்ப இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் யாரும் அனுப்பவில்லை. நாலு வரி எழுதி அனுப்பினார்கள். அந்த நாட்களில் படகுக்காரர்கள் தினமும் காலையில் குறித்த நேரத்துக்கு, குறித்த அலைவரிசையில் வானொலியைத் திறப்பார்கள். ஒருவர் பெயர் கூப்பிடுவார். ஒவ்வொரு படகும் தன் இடத்தையும் காற்றையும் சொல்லும். அதோடு யார் மீன் பிடித்தார், யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்பதும் வரும். நேரில் பார்த்தே இராதவர்கள் பெருங்கடல் தாண்டும்வரை அப்படிக் கூடவே வந்தார்கள். 2022க்குப் பிறகு ஸ்டார்லிங்க் படகுகளில் ஏறியது. நடுக்கடலில் கிரிக்கெட் நேரலை பார்க்கலாம், பாட்டியோடு காணொளியில் பேசலாம். காலை வானொலியில் பெயர் கொடுக்கும் படகுகள் குறைந்துவிட்டன.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. மாலத்தீவுக்குப் போன தோணிக்காரருடைய மனைவிக்கு அவர் வந்து இறங்கும்வரை உயிர் கையில் இல்லை. ரூபாவின் வீட்டாருக்கோ மகள் எந்தக் கடலில் இருக்கிறாள் என்று தெரிந்திருந்தது. இந்த நிம்மதிக்கு ஈடாக எந்தப் பாட்டையும் நான் வைக்கமாட்டேன். ஆனால் நீண்ட ஓட்டம் முடித்தவர்கள் எழுதுவதையும் பேசுவதையும் தொடர்ந்து கவனிக்கும்போது ஒன்று தெரிகிறது. சேமித்துக்கொண்டு போன நூற்றுக்கணக்கான படங்களைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அலை ஓய்ந்த ஒரு நாளில் ரொட்டி சுட்டது, துணைக்கு வந்த ஆல்பட்ராஸ் பறவை, ஓங்கில்கள் படகின் முன்முனையோடு ஓடியது, தென்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டியபோது ஒரே நாளை இருமுறை வாழ்ந்தது, பிறந்தநாளுக்கு ஒளித்து வைத்திருந்த இனிப்பை எடுத்துக் கொடுத்தது, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. சமையல், வானம், பேச்சு. தோணியில் இருந்தவை மூன்றும் இன்றும் அப்படியே இருக்கின்றன. பாட்டு மட்டும்தான் இல்லை.

அது மட்டும் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்குக் காரணம் நம் கிணற்றடியிலேயே இருக்கிறது. சமையலுக்கும் பேச்சுக்கும் வானத்தைப் பார்ப்பதற்கும் இன்றும் படகில் வேலை உண்டு. பசிக்கிறது, காவல் மாற வேண்டியிருக்கிறது, மேகத்தைப் பார்த்துப் பாயைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றாக இழுப்பதற்கு மட்டும் வேலை இல்லை. சித்தையன்கோட்டையில் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் கமலைப் பாட்டில் ஓரடி சொல்லுங்கள் என்றால் தெரியாது. அவர்களுக்குக் குரல் இல்லாமல் இல்லை. திருவிழா மேடையில் அருமையாகப் பாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கமலை இல்லை, அவ்வளவுதான். ஏற்றப்பாட்டை நம் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் நல்ல வேளையாகக் கொஞ்சமாவது எழுதி வைத்தார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் அதற்கென்று ஒரு துறையே உண்டு. வயல் பாட்டுக்குக் கிடைத்த கவனம் கப்பல் பாட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

எழுத்தில் மட்டும் வைத்தால் போதாது என்பது என் உறுதியான எண்ணம். சொல் தாளில் நிற்கும். இழுப்பு எங்கே விழுகிறது என்பது நிற்காது. பருமல் ஏற்றும் பாட்டின் தாளம் வேறு, நங்கூரம் தூக்கும் பாட்டின் தாளம் வேறு. ஒன்றில் இழுத்து நிறுத்த வேண்டும், மற்றொன்றில் விடாமல் நடக்க வேண்டும். அந்த வித்தியாசம் பாடியவரின் தோளில் இருக்கிறது. கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, இழுத்துக்கொண்டே பாடச் சொல்லி, காணொளியாகவே எடுக்க வேண்டும். இன்றைக்கு அதற்கு ஒரு சாதாரண செல்போன் போதும். எட்டு மாதப் பயணத்துக்குப் பெட்டி நிறையப் படம் சுமந்து போக முடிகிற காலத்தில் இது பெரிய வேலையே இல்லை.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணிகள் இன்றும் நிற்கின்றன. இயந்திரம் ஓடுகிறது, மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் போகின்றன. பாயை மட்டுமே நம்பி ஓடிய காலத்தில் இளம் வயதில் ஏறிய கடலோடிகளுக்கு இப்போது அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையே வயது இருக்கும். அவர்களுடைய வீடுகள் அந்தத் துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. தென்மேற்குக் காற்று வலுத்துத் தோணி ஓட்டம் நிற்கும் மாதங்களில் அவர்களிடம் போய் உட்காரலாம்.